நாலு கிலோ

யானைக்கல் பாலத்து இறக்கத்தில் வண்டி சறுக்கி
ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த கையை
ரூபாவதி தையல் டேப்பால் அளந்தாள்.
வலது பதிமூன்றே கால்.
இடது பதினொன்றரை.
"ரவிக்கைன்னா ஒரு பக்கம் பிடிச்சிருவேன்,
சட்டைக்கு என்ன செய்ய" என்றாள்.

முனிச்சாலையில் சைக்கிள் கடைக்கு மேல் ஜிம்.
காஜாமைதீன் மாஸ்டர் கம்பியைக் காட்டினார்:
"தொங்கு. இழு.
முதுகு வேலை செஞ்சா கை தன்னால வரும்.
கூட்டு வேலைதான் சதை."

அவர் அந்தப் பக்கம் போனதும் ஒச்சுக்காளை வந்தான்.
புஜம் பதினாறு அங்குலம்;
கால் பயிற்சி நாளில் மட்டும்
உசிலம்பட்டியில் யாராவது செத்துப்போவார்கள் அவனுக்கு.
"அண்ணே, கும்பல்ல கேட்டா எவனும் பதில் சொல்ல மாட்டான்.
பைசெப்ஸை மட்டும் தனியாக் கூப்பிட்டுப் பேசுங்க."

கூட்டா, தனியா.
எங்கள் வீட்டிலும் அப்போது அதே பேச்சுதான்,
அடுக்களையில், குழாயைத் திறந்துவிட்டு,
தணிந்த குரலில்.

முதல் இரண்டு மாதம் மாஸ்டர் பக்கம் நின்றேன்.
குனிந்து பாரை வயிற்றுக்கு இழுத்தேன்,
முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து.
கிலோ ஏறியது.
டேப்பில் வலது அரை அங்குலம் கூடியிருந்தது.
இடது அதே பதினொன்றரை.
ரூபாவதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

பிறகொரு நாள் கண்ணாடியில் நேராகப் பார்த்தேன்.
பார் சாய்ந்திருந்தது,
படிக்கல் வைத்த தட்டும் வெறும் தட்டும் போல.
வலது இழுக்கிறது. முதுகு இழுக்கிறது.
இடுப்புகூட ஒரு வெட்டு வெட்டிக் கொடுக்கிறது.
இடது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.
பிடித்தபடி கூடவே மேலே வருகிறது,
வியர்த்து, நரம்பு புடைத்து,
தானும் தூக்கியதுபோல.

கீழமாரட் வீதியில் எங்கள் வெங்காய மண்டிக்குப் பெயர்
பொன்ராஜ் அன்ட் பிரதர்.
அந்தப் பிரதர் நான்.
கட்டோடு வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில்
விற்பனை ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.
யாரும் அதைச் சொல்லவில்லை.
நோட்டைப் புரட்டி நானேதான் பார்த்தேன்.

ஒச்சு பெஞ்சில் உட்காரவைத்தான்.
முழங்கையைத் தொடையில் ஊன்றி
நாலு கிலோ டம்பெல், ரோஸ் கலர் உறை போட்டது.
ஆறாவதில் கை நடுங்கியது.
எட்டாவதில் தோள் மெல்ல எழுந்து வந்தது,
வழக்கம்போல, எதுவும் பேசாமல்.
ஒச்சு இரண்டு விரலால் அதைத் தட்டி இறக்கினான்.
"உன்னைக் கூப்பிடலை."

ஒன்பது வரவில்லை.
பாதியில் நின்று உதறியது.
வெட்கத்துக்கு எடை போட்டால்
நாற்பத்தைந்து இல்லை, நாலு.

புதன்கிழமை ராத்திரி அண்ணனிடம் சொன்னேன்,
நாளைக்கு நாசிக் லோடு நான் இறக்கிக்கிறேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் என் கையைப் பார்த்தான்.
இடது கையால் மடியிலிருந்து சாவியை எடுத்து
தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மூன்று மணி. தூறல்.
டிரைவர் புரியாத மொழியில் அவசரப்படுத்த
சாக்கைத் தொட்டு ஈரம் பார்த்து
அழுகலைத் தனியே தள்ளி
எண்ணி முடிக்கையில்
இருநூற்று நாற்பதில் இரண்டு இடித்தது.
மறுபடி எண்ணினேன். மறுபடி இரண்டு.
எதிர்ச்சாரியில், மூடிய ஷட்டருக்கு முன்னால்
டீ கிளாஸோடு அண்ணன் நின்றிருந்தான்,
எப்போது வந்தானோ.
ஒரு காலை எடுத்துத் தெருவில் வைத்தான்.
பிறகு அதை இழுத்துக்கொண்டான்.

இப்போது இடது பன்னிரண்டு.
சனிக்கிழமைகளில் மறுபடி கம்பியில் தொங்குகிறேன்.
"பாத்தியா, நான் சொல்லலை" என்கிறார் மாஸ்டர்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஒச்சு
தன் புஜத்துக்கு முத்தம் கொடுக்கிறான்.

அந்த ரெண்டு மூட்டை கிடைக்கவே இல்லை.
பற்றில் எழுதியிருக்கிறது, அண்ணன் கையெழுத்தில்,
பதினோரு வருஷ நோட்டில்
என் பெயருக்கு நேராக விழுந்த
முதல் வரி.